யார் விருந்தினர்?

உண்ணத் தக்கது எது, தகாதது எது என்று கேட்டால் நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் விடை சொல்லும். இறைச்சி எவ்வாறு அறுக்கப்பட்டது, எந்தப் பாத்திரத்தில் வெந்தது, அதனோடு கலந்தது யாது என்றெல்லாம் ஆராய்ந்து உண்ணும் பழக்கம் நமக்கு உண்டு. நல்ல பழக்கமே அது. ஆயினும் இவ்வினாக்கள் யாவும் நம் தட்டின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. தட்டுக்கு அப்பாலும் ஒரு வினா உண்டா? பிறர் உண்ணும் சோற்றைக் குறித்தும் நாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர்களா? ஒரு மார்கழி இரவில் என்னைப் பற்றிக்கொண்டு, இன்றுவரை விடாத வினா இது. அதனை வாசகப் பெருமக்கள் முன் வைத்து, எனக்குத் தோன்றிய விடையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாடியின் மீது ஒரு பனிக்காலம்

சிறுவயதில் காலை மக்தபில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர்ப் பொறியியல் பயின்று, ஒரகடத்தில் வாகன உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அதிகாரியாக இருக்கிறார். பதவி உயர்வு பெற்ற மகிழ்ச்சியில் என்னைத் தேடி வந்தார். “ஹஜ்ரத், ஒரு நாள் நீங்கள் எங்களோடு வந்து உண்ண வேண்டும்” என்றார். வீட்டுக்குத்தான் அழைக்கிறார் என எண்ணி இசைந்தேன். அவரோ தம் மனைவியையும் மகளையும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்னை மாநகருக்கு விரைந்தார்.

உயர்ந்ததொரு கட்டடம். அதன் மொட்டை மாடியில் இத்தாலிய உணவகம். பருவத்துக்கு ஒரு கோலம் பூணுவது அவ்வுணவகத்தின் சிறப்பாம். கோடையில் எலுமிச்சைத் தோப்பு. மழைக்காலத்தில் வெனிஸ் நகரத்து ஓடங்கள். நாங்கள் சென்றபோது ஆல்ப்ஸ் மலையின் பனிக்காலம். பஞ்சினால் செய்த பனி ஊசியிலை மரங்களின் மீது படர்ந்திருந்தது. சிறு விளக்குகள் ஆயிரமாய் மின்னின. காற்றாடிகள் குளிர்ந்த நீர்த்துளிகளைத் தூவிக்கொண்டிருந்தன. சென்னையின் மார்கழிக் குளிருக்குத் தேவையே இல்லாத கம்பளிச் சட்டையணிந்து சிலர் அமர்ந்திருந்தனர். கீழே, வெகு கீழே, நகரம் ஒளிப்புள்ளிகளாய்க் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் மனிதர் தெரியார், விளக்குகளே தெரியும்.

என்னை வியக்க வைத்தது அந்த அலங்காரமன்று. அங்குக் காட்டப்பட்ட கவனம். பரிமாற வந்த இளைஞர், எங்களுள் எவருக்கேனும் ஒவ்வாத பண்டம் உண்டா என ஒருமுறைக்கு இருமுறை வினவினார். குழந்தைக்குக் காரம் ஆகுமா எனக் கேட்டார். மாணவரின் மனைவி ஒரு கவளம் வாயிலிட்டுச் சற்றே முகம் சுளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கிருந்தோ கவனித்துவிட்ட அவ்விளைஞர் ஓடி வந்து, “ஆறிவிட்டதா அம்மா?” என்று தட்டை எடுத்துச் சென்று, புதிதாகவே சமைத்துக் கொண்டுவந்து வைத்தார். வாய் திறந்து சொல்லாத ஒரு குறைக்கு அத்துணை விரைவில் நிவாரணம்!

அயல்நாட்டு உணவென்று நான் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொள்ள நியாயமும் இல்லை. சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜரின் வேண்டுகோளுக்கிணங்க அரபுப் புவியியலறிஞர் அல் இத்ரீசி 1154இல் எழுதி முடித்த ‘நுஸ்ஹதுல் முஷ்தாக்’ என்னும் நூலில், பலெர்மோ நகருக்கு அருகிலுள்ள தரபியா என்ற ஊரைப் பற்றிய குறிப்பு உண்டு. அங்கு ‘இத்ரிய்யா’ என்னும் மாவு இழைகள் மிகுதியாகச் செய்யப்பட்டுக் கப்பல்களில் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன என்கிறார் அவர். முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் ஒருங்கே அச்சரக்கு சென்றது. அவ்வரபுப் பெயர் தென் இத்தாலியில் ‘திரியா’ எனச் சுருங்கி இன்றும் வாழ்கிறது. இன்று பாஸ்தா என நாம் ஏதோ புதுமைபோல் உண்பதன் பழைய உறவினர் அது. தட்டின் மேல் தூவியிருந்த பச்சிலையை முகர்ந்து பார்த்தேன். நம்மூர்த் திருநீற்றுப்பச்சிலை! அரபியர் அதனை ரைஹான் என்பர்; நோன்புக் காலத்தில் நம் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை அச்செடியினதே. அவ்வுணவில் சிவந்திருந்த தக்காளியும், நம் குழம்பில் காரமாகும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பிற நாடுகளை அடைந்தவை. உணவுக்கு ஊர் உண்டு, வேலி இல்லை.

மாணவருக்கு இரு ஐயங்கள் இருந்தன. சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டியை உறையச் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்க்கப்படுமே, அது ஆகுமா? திராட்சை மதுவிலிருந்து பெறும் காடி ஆகுமா? அவ்வுறைபொருளை நம் சட்ட நூல்கள் ‘இன்ஃபஹா’ என்ற பெயரில் முன்பே ஆராய்ந்துள்ளன; முறைப்படி அறுக்கப்படாத கன்றினுடையதாயின் இமாம் அபூஹனீஃபா அதனைத் தூயதெனக் கொண்டார், இமாம் ஷாஃபியீ அவ்வாறு கொள்ளவில்லை. மது தானாகவே காடியானால் இரு சாராரும் ஏற்பர். பிறிதொரு பொருளைச் சேர்த்துக் காடியாக்கினால் ஹனஃபிகள் ஏற்பர், ஷாஃபியீகள் ஏலார். இவற்றை விளக்கிவிட்டு, “உணவகத்தாரைக் கேளுங்கள், இக்காலத்தில் விலங்குப் பொருள் சேராத பாலாடைக்கட்டியும் உண்டு” என்றேன். கேட்டார். பணிவான விடை கிடைத்தது. மன நிறைவோடு உண்டோம்.

என் அறிவு அங்கே முழுமையாகப் பயன்பட்டது என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. அப்பெருமிதம் இரண்டு மணி நேரமே நீடித்தது.

சத்திரத்தில் ஒரு தேநீர்

காஞ்சிபுரத்துக்கு அருகில் என் இல்லம். என்னை அங்குக் கொண்டு சேர்க்க, பெங்களூர் நெடுஞ்சாலை வழியே வண்டி சென்றது. பூந்தமல்லி கடந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையின் விளக்குகள் கடந்தன. ஸ்ரீபெரும்புதூர் கடந்தது. வைணவப் பெரியார் இராமாநுசர் பிறந்த ஊர் அது. தமக்கு மட்டும் உரைக்கப்பட்ட திருமந்திரப் பொருளை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி அனைவர்க்கும் அவர் உரைத்தார் என்பது அச்சமயத்தார் போற்றும் வரலாறு. உயரத்தில் ஏறுவது பிறரை விட்டு விலகுவதற்கும் ஆகும். பிறரை எட்டுவதற்கும் ஆகும் என்று எண்ணிக்கொண்டேன்.

சுங்குவார்சத்திரத்தில் தேநீருக்காக இறங்கினோம். முன்னாளில் வழிப்போக்கர்க்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் அளித்த அறச்சாலையே சத்திரம். ஊரின் பெயரே அதனை நினைவூட்டுகிறது. தொழிற்சாலைகளின் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நின்றன. இரவுப் பணிக்குச் செல்வோரும் பணி முடிந்து மீள்வோருமாக இளம்பெண்கள் ஏறி இறங்கினர். பெரும்பாலோர்க்கு இருபது வயதைச் சுற்றியே இருக்கும். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்து, விடுதிகளில் தங்கி உழைப்பவர்கள்.

கடையின் பலகையில் இருவர் அமர்ந்து உணவுப் பெட்டியைத் திறந்தனர். அவர்களுள் ஒருத்தி, சோற்றைப் பிசையுமுன் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பின் தோழியிடம் நீட்டினாள். அவளும் முகர்ந்தாள், தலையசைத்தாள். அதன் பிறகே இருவரும் உண்ணத் தொடங்கினர்.

“என்னம்மா, மணம் பார்க்கிறீர்களா?” என்று கேட்டேன். எனக்கு அப்போதும் ரைஹானின் மணமே நினைவில் இருந்தது. அவள் சிரித்தாள். “மணம் இல்லீங்க ஐயா. கெட்டுப்போச்சான்னு பாக்குறோம். பழகிப்போச்சு” என்றாள்.

அன்று மாலை நானும் உணவை முகர்ந்தேன், அவளும் முகர்ந்தாள். நான் இன்பத்துக்காக, அவள் பாதுகாப்புக்காக. தேநீர் என் தொண்டையில் இறங்கவில்லை.

நெடுஞ்சாலையில் அமர்ந்த சோறு

அவளுக்கு அப்பழக்கம் எதனால் வந்தது என நான் வினவவில்லை. ஆயின் அந்த ஊரில் நின்றுகொண்டு 2021ஆம் ஆண்டை நினையாதிருக்க இயலாது.

ஆப்பிள் நிறுவனத்தின் கைபேசிகளைப் பொருத்தித் தரும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை சுங்குவார்சத்திரத்தை அடுத்துள்ளது. அக்காலத்தில் அங்கு ஏறத்தாழ 17,000 பேர் பணியாற்றினர், பெரும்பாலோர் பெண்கள். 2021 டிசம்பர் மாத நடுவில், அப்பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் என்ன ஆயினர் எனத் தெரியாத நிலையில், இறந்துவிட்டனர் என்னும் வதந்தியும் பரவியது. அது பொய்யான செய்தி. ஆனால், அதனை நம்பும் அளவுக்கு அச்சம் முற்றியிருந்தது மெய். டிசம்பர் 17ஆம் நாள் இரவு பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்து அமர்ந்தனர். மறுநாளும் சென்னை – பெங்களூர்ச் சாலையில் போக்குவரத்து நின்றது. ஊதிய உயர்வு கேட்டு அமர்ந்தவர்கள் அல்லர் அவர்கள். உண்ணத் தகுந்த சோறும், உறங்கத் தகுந்த இடமும், தோழியரைப் பற்றிய உண்மையும் கேட்டு அமர்ந்தவர்கள்.

தொழிற்சாலை மூடப்பட்டது. விடுதியின் சமையலறையில் எலிகளும் கழிவுநீர்க் கேடும் இருந்தமை ஆய்வில் வெளிப்பட்டது. தொலைவிலுள்ள விடுதிகள் சிலவும் உண்ணும் கூடங்களும் தன் நெறிமுறைகளுக்கு ஏற்ப இல்லையென ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, டிசம்பர் 29ஆம் நாள் அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. நிர்வாகத்தைச் சீரமைப்பதாக ஃபாக்ஸ்கான் உறுதி கூறியது. 2022 ஜனவரி 12ஆம் நாள் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. பின்னர், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு ஒன்று 706.50 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் தமிழக முதலமைச்சரால் திறந்து வைக்கப்பட்டது. நன்மை நிகழ்ந்தது என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆனால், அந்நன்மையை நோக்கி முதல் அடி எடுத்து வைக்க அப்பெண்கள் நெடுஞ்சாலையில் ஓர் இரவைக் கழிக்க வேண்டியிருந்தது என்பதை மறப்பதும் நேர்மையன்று.

மாடியில், வாய் திறவாத ஒரு முகச்சுளிப்புக்கு உடனே விடை கிடைத்தது. இங்கோ, நூற்றுக்கணக்கானோரின் வயிறு பேசிய பிறகும், சாலை நின்ற பிறகே விடை கிடைத்தது. ஏன் இந்த வேறுபாடு?

கவனம் யார் பக்கம் செல்கிறது?

“அங்கே கொடுத்த காசுக்கு அங்கே கவனம், இங்கே கொடுக்கும் காசுக்கு இங்கே கவனம். அவ்வளவுதான் ஹஜ்ரத்” என்றார் மாணவர், வண்டி நகர்ந்தபின். ஒரு கணம் பேசாதிருந்துவிட்டு, “என் அலுவலகத்தில் தொழிலாளர் விடுதிக்கான உணவு ஒப்பந்தம் என் மேசைக்குத்தான் வருகிறது. யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே கையொப்பமிடுகிறேன். அது விதி” என்றார். என்னை விருந்துக்கு அழைத்த கைதான் அதிலும் கையொப்பமிட்டிருக்கிறது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.

அவர் கூறியது தவறா? பாதி சரி. மிகுதியான பணத்துக்கு மிகுதியான சுவை கிடைப்பது உலக வழக்கு. பஞ்சுப் பனியும் ஊசியிலை மரமும் பணம் உடையோர்க்கு மட்டும் கிடைத்தால், அதனால் எவர் வயிறும் எரியப் போவதில்லை. ஆனால், கெடாத உணவு என்பது சுவையின் ஒரு படியன்று. அது விலைக்கு ஏற்ப ஏறி இறங்கும் பொருளும் அன்று. தங்கக் காப்பில் மாற்றுக் குறையலாம். உயிர் காக்கும் மருந்தில் நஞ்சு கலத்தலாகாது. குறைந்த விலைச் சோறு எளிய சோறாக இருக்கலாம்; கெட்ட சோறாக இருக்க எந்த விலையும் இசைவளிக்காது.

அன்றியும், வேறுபாட்டின் வேர் பணம் மட்டுமன்று என்று எனக்குப் படுகிறது. உணவகத்தில் உண்பவர் எழுந்து போகக்கூடியவர். பிடிக்கவில்லையெனில் அடுத்த தெருவில் வேறோர் உணவகம் உண்டு. போகிறவர் நாலு பேரிடம் சொல்லியும் விடுவார். அவர் எழுந்து போய்விடக்கூடும் என்னும் அச்சமே அங்குக் கவனமாய் உருக்கொள்கிறது. விடுதியில் உண்பவளோ எழுந்து போகவியலாதவள். நள்ளிரவில் பணி முடிந்து வருபவளுக்கு வேறு அடுப்பு இல்லை. வேறு கடையும் இல்லை. அவள் போகமாட்டாள் என்னும் உறுதியே அங்கு அலட்சியமாய் உருக்கொள்கிறது. சந்தையின் நீதி இது: போகக்கூடியவர்க்குக் கவனம்; போகவியலாதவர்க்கு அலட்சியம்.

அறத்தின் நீதியோ இதற்கு நேர்மாறானது. ஒருவர் எவ்வளவுக்கு எவ்வளவு நம்மை விட்டு விலக முடியாதவரோ, அவ்வளவுக்கு அவ்வளவு நம் பொறுப்பு கனக்கும். அமானிதம் என்று நாம் சொல்வது வேறென்ன? தன் பொருளைத் தானே காத்துக்கொள்ள வல்லவன் நம்மிடம் ஏன் ஒப்படைக்கிறான்? காத்துக்கொள்ள முடியாத நிலையில்தானே ஒப்படைக்கிறான்! கைக்குழந்தையின் பாலுக்கு நாம் காட்டும் எச்சரிக்கை, குழந்தை விலை கொடுப்பதாலா? அது வேறு மார்பைத் தேடிப் போகாது என்பதாலன்றோ!

“அப்படியானால் நாம் அந்த மாடிக்குப் போனதே பிழையா ஹஜ்ரத்?” என்றார் அவர் மனைவி, பின்னிருக்கையிலிருந்து. நியாயமான வினா. ஆகுமான இன்பத்தை ஆகாததாக்க எனக்கு அதிகாரமில்லை. நாம் உண்ணாது எழுந்திருந்தால் அப்பெண்ணின் பெட்டியில் ஒரு பருக்கையும் கூடியிராது. வீண் விரயம் கூடாது என்பதை நாம் அறிவோம். ஆயின் மகிழ்ந்து உண்பதெல்லாம் விரயமாகிவிடாது. பிழை உண்டதில் இல்லை. என் பிழை வேறிடத்தில் இருந்தது. பாலாடைக்கட்டியின் உறைபொருள்வரை துருவிய நான், அந்த விருந்துக்குப் பணம் வந்த வழியில் எவர் என்ன உண்கிறார் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. ஹலால், தய்யிப் என இரு சொற்களை அருள்மறை இணைத்தே வழங்குகிறது. ஆகுமானதாகவும் இருக்க வேண்டும்; தூயதாக, நல்லதாகவும் இருக்க வேண்டும். முதற் சொல்லை நமக்கென வைத்துக்கொண்டு, இரண்டாம் சொல்லைப் பிறர் தட்டுக்குச் சென்று சேரவிடாமல் நிறுத்திவிட்டோமோ?

என் சொந்தக் குற்றம்

பிறரைச் சுட்டுமுன் என்னைச் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் தெற்கே ஒரு மதரஸாவில் ஆசிரியனாக இருந்தேன். விடுதிச் சமையலறையின் மேற்பார்வையும் என்னிடம் இருந்தது. மாணவர்க்கு ஒரு பெரிய அண்டாவில் சமையல் நடக்கும். ஆசிரியர் அறைக்குத் தனியாகச் சிறு சட்டியில் குழம்பு வரும். அதனை எவரும் குற்றமாகக் கருதவில்லை, நானும் கருதவில்லை.

ஒரு கோடை இரவு, பத்து வயதுப் பையன் ஒருவன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். நான் அவனை நிறுத்தினேன். இறைவன் அளித்த நிஃமத்தை வீணாக்குகிறாயே என்று கடிந்தேன். விரயத்தைப் பற்றி அத்தனை மாணவர் முன்னிலையிலும் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அவன் ஒன்றும் பேசாமல் அமர்ந்து, கண்ணீரோடு உண்டு முடித்தான். அன்றிரவு அவனும் வேறு சிலரும் வாந்தி எடுத்தனர். வெயிலில் குழம்பு புளித்துப் போயிருந்தது. அவன் நாக்கு அறிந்ததை என் கல்வி அறியவில்லை. கெட்ட உணவை மறுத்த குழந்தையை, நல்ல நெறியின் பெயரைச் சொல்லியே உண்ண வைத்தேன். இறையருளால் பிள்ளைகள் பிழைத்தனர். அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் முதல் ஆசிரியர் சட்டியை நிறுத்தினேன். அண்டாவிலிருந்தே எனக்கும் எடுத்து வரச்சொன்னேன். பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தேன். ஒரு வாரத்தில் குழம்பு மாறிவிட்டது. அரிசி மாறவில்லை, பணம் கூடவில்லை, சமையற்காரரும் அவரே. மாறியது ஒன்றே: பொறுப்பாளனின் நாக்கு அந்த அண்டாவுக்கு வந்து சேர்ந்தது.

இதில் புதுமை ஏதுமில்லை. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு அரபகத்தில் கொடிய பஞ்சம் நிலவியபோது, மக்களுக்குக் கிட்டாத நெய்யைத் தாமும் தொடாமல் எண்ணெயோடு காலம் கழித்தார் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. அது வெறும் துறவன்று, ஆட்சி முறை. மக்கள் உண்பதையே தாமும் உண்டவர்க்கு, மக்களின் நிலையை அறிய வேறு ஒற்றர் வேண்டா. சமைத்துக் கொண்டுவந்த பணியாளைத் தம்மோடு அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும், இயலாதபோது அவ்வுணவிலிருந்து சிறிதேனும் அவருக்கு அளிக்க வேண்டும் என்னும் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையும் இத்தகையதே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமண வீடுகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தில் இதன் நிழலைக் காணலாம். சஹனில் ஒரு பக்கம் கெட்டு மறுபக்கம் நன்றாக இருக்க முடியாதன்றோ!

இரு மொழிகள் சொல்லும் விருந்து

விருந்து என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியமும் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறது. அறியாதவராய், புதியவராய் வாயிலில் வந்து நின்றவரே நம் முன்னோர்க்கு விருந்து. அதனாலேயே வள்ளுவர் இல்லறவியலில் அதற்குத் தனி அதிகாரம் வகுத்தார். இக்காலத்தில் அச்சொல் இடம் மாறிவிட்டது. புதியவர் விருந்தாயிருந்த நிலை போய், புதியது விருந்தாகிவிட்டது. பருவத்துக்கு ஒரு கோலம், வாரத்துக்கு ஒரு பண்டம். பண்டம் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. அருகில் அமர்வோர் மட்டும் எப்போதும் நம்மைப் போன்றவரே.

அரபு மொழியில் விருந்தினருக்கு ‘ளைஃப்’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குச் சாய்தல் என்பது பொருள். தன் வழியிலிருந்து நம் பக்கம் சாய்ந்து வந்தவர், நம்மைச் சார்ந்து நிற்பவர், அவரே விருந்தினர். இரு மொழிகளையும் சேர்த்துப் பாருங்கள். புதியவராய் வந்தவர், நம்மைச் சார்ந்து நிற்பவர். ஊரைவிட்டு வந்து, அறியாத நெடுஞ்சாலை ஓரத்தில், பிறர் அடுப்பைச் சார்ந்து வாழும் அந்தப் பெண்ணைவிட இவ்விலக்கணத்துக்குப் பொருந்துவோர் யார்? பணம் கொடுத்து மாடியில் அமர்ந்த நான் வாடிக்கையாளன். விருந்தினர் அவள்.

இதனை நம் சமுதாயம் எளிதில் உணர்ந்துகொள்ள முடியும். கடல் கடந்து வளைகுடா நாடுகளில் உழைத்த தந்தை, அண்ணன், கணவர் இல்லாத வீடு நம்மிடையே மிகக் குறைவு. கம்பெனி முகாமில் அவர்கள் என்ன உண்டனர் என்று கடிதத்தில் எழுதியதுண்டா? ‘நலம், நல்ல சாப்பாடு’ என்றே எழுதினர். நாமும் நம்பினோம்; நம்ப விரும்பினோம். அங்கே எவரோ ஒரு மேலாளர், எவரோ ஓர் ஒப்பந்தக்காரர், நம் பிள்ளையின் தட்டை அமானிதமாகக் கருதினாரா, கணக்காகக் கருதினாரா என்பதில்தான் அவருடைய உடல்நலம் தொங்கிக்கொண்டிருந்தது. அதே மேலாளரின் இருக்கையில் இன்று நம்மில் பலர் அமர்ந்திருக்கிறோம். கடை வைத்திருப்போர் கடைப் பையன்களுக்குச் சோறிடுகிறோம். விடுதி நடத்துவோர் மாணவர்க்குச் சோறிடுகிறோம். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நேற்றைய குழம்பைச் சூடாக்கிக் கொடுக்கிறோம். நம்மைச் சார்ந்து நிற்போர் எங்கும் உளர்.

ஆகவே நான் கண்ட விடை இதுதான்: எழுந்து போகவியலாதவர்க்கு நீங்கள் சோறிடுபவராயின், அச்சோற்றை நீங்களும் உண்ணுங்கள். ஆய்வுக்கு வருவதாக முன்கூட்டி அறிவித்து, சிறப்பாகச் சமைத்ததைச் சுவைத்துப் பார்ப்பதன்று. அவர்கள் உண்ணும் வேளையில், அவர்கள் உண்ணும் தட்டில், அவர்கள் அருகில் அமர்ந்து உண்ணுதல். இச்சிறு செயலுக்குச் சட்டம் தேவையில்லை, செலவும் இல்லை.

மாணவரிடம் அன்றிரவு இவ்வளவும் சொல்லவில்லை. “தம்பி, கையொப்பமிடுமுன் ஒருமுறை அங்கே போய் உண்டுவிட்டு வாருங்கள்” என்று மட்டுமே கூறினேன். அவர் விடை கூறவில்லை. மூன்று வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் இரவு பத்து மணிக்கு விடுதிக்குச் சென்று, பெண்களோடு வரிசையில் நின்று உணவு வாங்கினாராம்.

“எப்படி இருந்தது?” என்றேன்.

“சோறு நன்றாகத்தான் இருந்தது ஹஜ்ரத். ஆனால் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. ஒரு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. ஒப்பந்தத் தாளில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, நான்தான் அதைத் தயாரித்தேன்” என்றார். குரல் தழுதழுத்தது. “இப்போது அந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.”